நாடி பிடிக்கும் நிரல்: எத்தனை விநாடி காத்திருப்பது?

மாணவர்களே, புக்கிட் மெர்தாஜாம் சந்தைப் பக்கம் ஓர் ஒட்டுக்கடையில் பசியாறிவிட்டு, கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் வருடிப் பணம் செலுத்துகிறீர்கள். இரண்டு மூன்று விநாடிகளில் பணம் போய்ச் சேர்ந்ததாகத் திரை காட்டுகிறது. அதற்குள் உங்கள் கணக்கில் பணம் இருக்கிறதா என்று வங்கியின் கணினி பார்த்தாக வேண்டும். கடைக்காரரின் வங்கிக்குத் தகவல் அனுப்ப வேண்டும். இரண்டு கணக்குகளும் திருத்தப்பட வேண்டும். சரியாக அந்த நேரத்தில் வங்கியின் கணினி நின்றுபோனால் என்ன ஆகும்?

பெரும்பாலும் உங்களுக்கு ஒன்றும் தெரியவே தெரியாது. நின்றுபோன கணினியின் வேலையை இன்னொரு கணினி எடுத்துக்கொண்டிருக்கும். அப்படி எடுத்துக்கொள்ளும்படி சொல்வது ஒரு சிறிய நிரல். அதைப் பழுது கண்காணிப்பி என்று அழைப்போம். அந்த நிரலுக்குள் சில எண்கள் இருக்கின்றன. அவற்றைச் சரியாக வைத்தால் பழுது வந்ததே யாருக்கும் தெரியாது. தவறாக வைத்தால், பழுதே இல்லாத நேரத்தில்கூடச் சேவை நின்றுவிடும். இந்த வாரம் அந்த எண்களைப் பற்றிப் படிப்போம். படிவம் 4, 5 கணிதத்தில் நீங்கள் படிக்கும் நிகழ்தகவும் இங்கே உதவிக்கு வரும்.

கொத்தாக வேலை செய்யும் கணினிகள்

பினாங்குத் தீவையும் செபராங் பிறையையும் 1985இல் திறக்கப்பட்ட முதல் பாலம் இணைக்கிறது. 2014இல் பத்து காவானிலிருந்து இரண்டாம் பாலமும் வந்தது. ஒரு பாலத்தில் விபத்து நேர்ந்தால் வாகனங்கள் மற்றொன்றில் போகலாம். வங்கி, மருத்துவமனை, விமான நிறுவனம் போன்றவற்றின் கணினிகளும் இப்படித்தான் அமைக்கப்படுகின்றன. ஒரே வேலைக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சேவையகங்கள் வலையமைப்பால் இணைக்கப்பட்டிருக்கும். இதற்குக் கிளஸ்டர், அதாவது கணினிக் கொத்து என்று பெயர். முதன்மைச் சேவையகம் பணியில் இருக்கும்போது மாற்றுச் சேவையகம் தயாராகக் காத்திருக்கும். முதன்மை விழுந்தால் மாற்று பொறுப்பேற்கும். இந்தப் பொறுப்பு மாற்றத்தை ஃபெயில்ஓவர் என்பார்கள்.

இப்போது முக்கியமான கேள்வி. முதன்மை விழுந்துவிட்டது என்று மாற்றுக்கு எப்படித் தெரியும்?

இதற்கான விடை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் பழையது. அமெரிக்காவின் டாண்டம் நிறுவனம் 1976இல் பழுதைத் தாங்கும் கணினிகளை விற்கத் தொடங்கியது. அதற்குள் இருந்த ஒவ்வொரு செயலியும் விநாடிக்கு ஒருமுறை 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்ற சிறு செய்தியை மற்றச் செயலிகளுக்கு அனுப்பும். அந்தச் செய்தி வராவிட்டால் அதை அனுப்ப வேண்டிய செயலி செயலிழந்துவிட்டதாகக் கொள்ளப்படும். இத்தகைய செய்தியை இன்று இதயத்துடிப்பு என்கிறோம்.

சில நேரங்களில் இதயத்துடிப்பு மட்டும் போதாது. வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் கை தூக்கும் மாணவன் பாடத்தைக் கவனிக்கிறான் என்று சொல்லிவிட முடியுமா? அதுபோலவே, சேவையகம் துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்க, அதன் மேல் ஓடும் தரவுத்தளம் உள்ளே உறைந்து போயிருக்கலாம். ஆகவே நல்ல கண்காணிப்பி உண்மையான ஒரு வேலையைக் கொடுத்துப் பார்க்கும். தரவுத்தளத்தில் ஒரு சிறு பதிவை எழுதச் சொல்லி, அதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். இதைச் சோதனை என்று குறிப்பிடுவோம்.

மெதுவா, நின்றுவிட்டதா?

ஒரு சோதனைக்குப் பதில் வரவில்லை. சேவையகம் செயலிழந்திருக்கலாம். வேலை மிகுந்து பதில் தாமதமாகியிருக்கலாம். இடையில் இருக்கும் கம்பி அறுந்திருக்கலாம். இம்மூன்றும் கண்காணிப்பிக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். அதன் கையில் இருக்கும் ஒரே தகவல், இன்னும் பதில் வரவில்லை என்பதுதான்.

இது நிரல் எழுதியவரின் திறமைக் குறைவால் வந்த சிக்கல் அல்ல. 1985இல் மைக்கேல் பிஷர், நான்சி லிஞ்ச், மைக்கேல் பாட்டர்சன் ஆகிய மூவர் ஒரு புகழ்பெற்ற தேற்றத்தை நிறுவினார்கள். ஒரு வலையமைப்பில் செய்தி வந்துசேர எவ்வளவு நேரமும் ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரே ஒரு கணினி செயலிழக்கும் வாய்ப்பு இருந்தால்கூட, மற்றக் கணினிகள் எல்லாம் கட்டாயம் ஒரு பொது முடிவுக்கு வந்துசேரும் என்று உறுதி தரும் நிரல்முறை எதுவும் கிடையாது. மெதுவாக இருப்பதையும் செயலிழந்ததையும் பிரித்தறிய முடியாததே இதற்கு அடிப்படை.

ஆகவே பொறியாளர்கள் ஊகிக்கிறார்கள். 'இவ்வளவு நேரம் காத்திருப்போம், அதற்குள் பதில் வராவிட்டால் செயலிழந்ததாகக் கொள்வோம்' என்று ஓர் எல்லை வகுக்கிறார்கள். அந்த எல்லையை எங்கே வைப்பது என்பதுதான் கண்காணிப்பியைச் சீரமைக்கும் கலை.

நான்கு எண்கள்

பெரும்பாலான கண்காணிப்பிகளில் நாம் மாற்றக்கூடிய எண்கள் நான்கு.

1. சோதனை இடைவெளி: எத்தனை விநாடிக்கு ஒருமுறை சோதிப்பது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய சன் கிளஸ்டர் மென்பொருளில் இது வழக்கமாக 60 விநாடியாக வைக்கப்பட்டிருந்தது. நிர்வாகி அதைத் தன் தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

2. காத்திருப்பு வரம்பு: ஒரு சோதனைக்குப் பதில் வர எத்தனை விநாடி பொறுப்பது.

3. தவறும் எண்ணிக்கை: தொடர்ந்து எத்தனை சோதனைகள் தவறினால் பழுது என்று முடிவு செய்வது.

4. மறுதொடக்க வரம்பு: பழுதான சேவையை அதே சேவையகத்தில் எத்தனை முறை மீண்டும் தொடங்கிப் பார்ப்பது, எவ்வளவு கால அளவுக்குள். அந்த வரம்பை எட்டினால்தான் மாற்றுச் சேவையகத்துக்குப் போவது.

முதல் மூன்றையும் வைத்து ஒரு சூத்திரம் எழுதலாம். மிக மோசமான நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு சோதனை வெற்றியாக முடிந்த மறுகணமே சேவை நின்றுவிடுகிறது. அடுத்த சோதனை வரும்வரை ஒரு முழு இடைவெளி வீணாகும். பிறகு தவறும் எண்ணிக்கை நிறைவடையும்வரை சோதனைகள் தொடரும். கடைசிச் சோதனைக்கும் காத்திருப்பு வரம்பு முடியும்வரை பொறுக்க வேண்டும். ஆகவே,

பழுதைக் கண்டுபிடிக்க ஆகும் அதிகபட்ச நேரம் = (தவறும் எண்ணிக்கை × சோதனை இடைவெளி) + காத்திருப்பு வரம்பு

இடைவெளி 10 விநாடி, வரம்பு 5 விநாடி, எண்ணிக்கை 3 என்றால் 35 விநாடி ஆகும். இடைவெளி 60, வரம்பு 30, எண்ணிக்கை 3 என்றால் 210 விநாடி, அதாவது மூன்றரை நிமிடம்.

'அப்படியானால் எல்லா எண்களையும் குறைத்துவிடலாமே, பழுது உடனே தெரிந்துவிடுமே' என்று உங்களுக்குத் தோன்றும். இங்கேதான் நிகழ்தகவு வருகிறது.

பத்து விநாடியின் விலை

நல்ல நிலையில் இருக்கும் சேவையகமும் சில வேளை தாமதமாகப் பதில் சொல்லும். ஆயிரம் சோதனைகளில் ஒன்று அப்படித் தவறுகிறது என்று நம் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 10 விநாடிக்கு ஒருமுறை சோதித்தால் ஒரு நாளில் 8,640 சோதனைகள் நடக்கும்.

எண்ணிக்கை 1 என்றால், ஒரே ஒரு தவறுதலுக்கே எச்சரிக்கை எழும். நாளொன்றுக்குச் சுமார் 9 பொய் எச்சரிக்கைகள் வரும்.

எண்ணிக்கை 2 என்றால், இரண்டு சோதனைகள் அடுத்தடுத்துத் தவறும் நிகழ்தகவு ஆயிரத்தில் ஒன்றின் இருமடிப் பெருக்கம், அதாவது பத்து இலட்சத்தில் ஒன்று. பொய் எச்சரிக்கை ஏறக்குறைய 116 நாளுக்கு ஒருமுறைதான் வரும்.

எண்ணிக்கை 3 என்றால் நூறு கோடியில் ஒன்று. ஏறக்குறைய 317 ஆண்டுக்கு ஒருமுறை.

ஒவ்வொரு படிக்கும் நாம் கொடுத்த விலை வெறும் 10 விநாடி. பழுதைக் கண்டுபிடிக்கும் நேரம் 15 விநாடியிலிருந்து 25 ஆகவும், பிறகு 35 ஆகவும் கூடியது. பதிலுக்குப் பொய் எச்சரிக்கை ஏறக்குறைய மறைந்தே போனது.

பொய் எச்சரிக்கையால் பெரிய நட்டம் உண்டா? உண்டு. பேங்க் நெகாரா மலேசியாவின் தொழில்நுட்ப இடர் மேலாண்மைக் கொள்கை 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வாடிக்கையாளர்களுக்குச் சேவை தரும் முக்கியக் கணினி அமைப்பு எந்த 12 மாதத்திலும் எதிர்பாராமல் நிற்கும் மொத்த நேரம் 4 மணியைத் தாண்டக் கூடாது. ஒரு சம்பவத்தில் 120 நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. ஆண்டுக்கு 240 நிமிடம் என்பது ஆண்டின் 5,25,600 நிமிடங்களில் 0.05 விழுக்காட்டையும் எட்டாத அளவு.

ஒரு பொறுப்பு மாற்றம் நடந்து முடிய 3 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். நாளுக்கு 9 பொய் எச்சரிக்கைகள் வந்தால் 27 நிமிடம் சேவை நிற்கும். ஓராண்டுக்கான 240 நிமிடமும் ஒன்பதாவது நாளிலேயே தீர்ந்துவிடும். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த ஒன்பது நாளிலும் சேவையகத்தில் ஒரு பழுதும் இல்லை. சேவையை நிறுத்தியது அதைக் காக்க வைத்த கண்காணிப்பிதான்.

சம்பள நாளில் என்ன நடக்கும்?

மேலே போட்ட கணக்கில் ஓர் அனுமானம் இருக்கிறது. கண்டுபிடித்தீர்களா? ஒவ்வொரு தவறுதலும் மற்றதைச் சாராத நிகழ்ச்சி என்று கொண்டுதான் நிகழ்தகவுகளைப் பெருக்கினோம். உண்மையில் தாமதங்கள் கூட்டமாக வருகின்றன. பினாங்குப் பாலத்தில் மாலை நெரிசலில் ஒரு வாகனம் தாமதமானால் அதன் பின்னால் வருபவையும் தாமதமாகும். கணினியிலும் அப்படியே. சம்பள நாளிலும் தீபாவளிக்கு முந்திய நாளிலும் எல்லாரும் ஒரே நேரத்தில் பணம் அனுப்பும்போது, மூன்று சோதனைகள் வரிசையாகத் தவறலாம்.

சாதாரண நாளில் அரை விநாடியில் பதில் தரும் சேவையகம் சம்பள நாளில் 3 விநாடி எடுக்கிறது என்று கொள்ளுங்கள். காத்திருப்பு வரம்பு 2 விநாடி. கண்காணிப்பி அதைச் செயலிழந்ததாக நினைத்து வேலையை மாற்றுச் சேவையகத்துக்குத் தள்ளும். அது தயாராகும் வரை கோரிக்கைகள் குவியும். பணம் போகவில்லை என்று கண்ட மக்கள் மீண்டும் மீண்டும் அழுத்துவார்கள். மாற்றுச் சேவையகமும் திணறும். அதையும் செயலிழந்ததாக நினைத்து வேலை முதல் சேவையகத்துக்கே திரும்பும். பூப்பந்துபோல் வேலை இங்கும் அங்கும் பறக்க, யாருக்கும் சேவை கிடைக்காது.

ஆகவே காத்திருப்பு வரம்பை அமைதியான நாளில் அளந்து வைக்கக் கூடாது. மிக நெருக்கடியான நாளில் வந்த மிக நீண்ட பதில் நேரத்தை அளந்து, அதற்கும் மேலே கொஞ்சம் இடம் விட்டு வைக்க வேண்டும்.

நான்காவது எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. '5 நிமிடத்துக்குள் 3 முறை பழுதானால் மாற்றுச் சேவையகத்துக்குப் போ' என்று விதி வைத்திருக்கிறோம். ஆனால் நம் இரண்டாவது எடுத்துக்காட்டில் ஒரு பழுதைக் கண்டுபிடிக்கவே மூன்றரை நிமிடம் வரை ஆகும். முதல் பழுது 0ஆவது நிமிடத்தில் பதிவானால், இரண்டாவது 3.5ஆவது நிமிடத்திலும் மூன்றாவது 7ஆவது நிமிடத்திலும்தான் பதிவாகும். 5 நிமிடத்துக்குள் மூன்று என்பது நிகழாது. கண்காணிப்பி அதே சேவையகத்தில் மீண்டும் மீண்டும் தொடங்கிக்கொண்டே இருக்கும். நல்ல நிலையில் உள்ள மாற்று பக்கத்திலேயே சும்மா நிற்கும். எண்களைத் தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குறை தெரியாது. சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

43 விநாடி, 24 மணி 11 நிமிடம்

உலகெங்கும் நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளம் கிட்ஹப். 2018 அக்டோபர் 22 திங்கட்கிழமை, மலேசிய நேரம் காலை 6.52. அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழுதடைந்து வந்த ஒளியியல் கருவி ஒன்றை மாற்றும் பராமரிப்பு வேலையின்போது, அங்குள்ள முக்கியத் தரவு மையத்தின் இணைப்பு அறுந்தது. 43 விநாடியில் இணைப்பு திரும்பிவிட்டது.

ஆனால் அந்த 43 விநாடிக்குள் தரவுத்தளங்களைக் கவனித்துவந்த நிரல் முடிவெடுத்துவிட்டது. கிழக்குக் கரையின் தரவுத்தளங்கள் செயலிழந்ததாகக் கருதி, மேற்குக் கரையில் இருந்தவற்றை முதன்மையாக்கியது. கிழக்குக் கரையோ செயலிழக்கவில்லை, துண்டிக்கப்பட்டுத்தான் இருந்தது. கடைசி நேரத்தில் அங்கே எழுதப்பட்ட சில பதிவுகள் மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. பரபரப்பான ஒரு தரவுத்தளக் கொத்தில் மட்டும் அப்படி 954 பதிவுகள் இருந்தன. பிறகு மேற்கில் புதிய பதிவுகள் குவிந்தன. இரு கரைகளிலும் மற்றதில் இல்லாத தகவல்கள். எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது?

பயனர்களின் தரவை இழப்பதைவிடச் சேவை குறைவது மேல் என்று கிட்ஹப் முடிவெடுத்து, பொறுமையாகச் சரிசெய்தது. முழுச் சேவை திரும்ப 24 மணி 11 நிமிடம் ஆனது.

இங்கே நிரல் பழுதாகவில்லை. சொல்லி வைத்தபடியே நடந்தது. சொல்லி வைத்ததுதான் பொருத்தமாக இல்லை. பின்னர் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தரவுத்தளப் பொறுப்பு தானாகவே மாறாதபடி கிட்ஹப் தன் அமைப்பை மாற்றியது. அதே கட்டடத்துக்குள் பொறுப்பு மாற்றுவதற்கும், கண்டத்தின் மறுகோடிக்கு மாற்றுவதற்கும் ஒரே அவசரம் காட்டக் கூடாது என்பதே அதன் பாடம்.

இரண்டு சேவையகங்களும் 'நானே முதன்மை' என்று எழுதத் தொடங்கும் ஆபத்துக்கு 'மூளைப் பிளவு' என்று பெயர். இதைத் தடுக்கப் பெரும்பான்மை விதி உண்டு. கொத்தில் மூன்று உறுப்புகள் இருந்தால், இரண்டின் ஒப்புதல் பெற்ற பக்கமே தொடர்ந்து இயங்கலாம். இரண்டே சேவையகங்கள் இருந்தால் வாக்குச் சமன் ஆகிவிடும் என்பதால், வாக்களிக்க மட்டும் மூன்றாவதாக ஒரு சிறு கருவியைச் சேர்ப்பார்கள். சில அமைப்புகள் இன்னும் ஒரு படி மேலே போய், சந்தேகத்துக்குரிய சேவையகத்தின் மின்சாரத்தையே துண்டித்த பிறகுதான் மாற்றுக்குப் பொறுப்பைக் கொடுக்கும்.

மாற்று தயாராக இருக்கிறதா?

எண்களை எல்லாம் சரியாக வைத்தும் தோற்கலாம். 2023 அக்டோபர் 14 அன்று சிங்கப்பூரில் ஒரு தரவு மையத்தில் குளிரூட்டல் தடைப்பட்டது. பராமரிப்பு வேலையில் இருந்த ஒப்பந்தக்காரர் அனுப்பிய தவறான கட்டளை, குளிர்நீர்க் கலன்களின் வால்வுகளை மூடிவிட்டது. வெப்பநிலை உயர்ந்தது. டிபிஎஸ், சிட்டிபேங்க் ஆகிய இரு வங்கிகளின் சேவை பாதிக்கப்பட்டது. பழுது தெரியாமல் போகவில்லை. இரு வங்கிகளும் உடனே மாற்று மையங்களுக்குத் தாவ முயன்றன. ஆனால் ஒன்றில் வலையமைப்பு அமைப்புப் பிழையும் மற்றொன்றில் இணைப்புச் சிக்கலும் குறுக்கே நின்றன. சுமார் 25 இலட்சம் பணப் பரிமாற்றங்கள் நிறைவேறாமல் போயின.

எனவே முதன்மையை மட்டும் நாடி பிடித்துப் பார்த்தால் போதாது. மாற்றையும் அதே ஒழுங்கோடு சோதிக்க வேண்டும். பள்ளியில் தீயணைப்புப் பயிற்சி நடத்துவதுபோல, பழுது இல்லாத நாளில் வேண்டுமென்றே பொறுப்பை மாற்றிப் பார்க்க வேண்டும்.

சீரமைக்கும் முறை

நீங்கள் நாளை ஒரு மருத்துவமனையின் அல்லது தொழிற்சாலையின் கணினிகளைப் பொறுப்பேற்றால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில், சேவை எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்து, நெருக்கடியான நாளின் பதில் நேரங்களை அளந்து காத்திருப்பு வரம்பை வையுங்கள். பிறகு சூத்திரத்தைக் கொண்டு இடைவெளியையும் எண்ணிக்கையையும் தேர்ந்தெடுங்கள். கண்டுபிடிக்கும் நேரமும் பொறுப்பு மாற்ற நேரமும் சேர்ந்து, நிற்கலாம் என்ற அளவுக்குள் அடங்க வேண்டும். நான்காவதாக, மறுதொடக்கக் கால அளவு போதுமான அளவு நீளமா என்று சரிபாருங்கள். ஐந்தாவதாக, முதன்மையின் இணைப்பைக் கழற்றிச் சோதித்துப் பாருங்கள். கடைசியாக, எந்த எண்ணை ஏன் வைத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். புதிய மென்பொருள் வந்தாலோ பயனர்கள் பெருகினாலோ மீண்டும் அளக்க வேண்டும். சென்ற ஆண்டின் எண் இந்த ஆண்டுக்குப் பொருந்தும் என்ற உறுதி இல்லை.

பயிற்சி

1. சோதனை இடைவெளி 20 விநாடி, காத்திருப்பு வரம்பு 8 விநாடி, தவறும் எண்ணிக்கை 3. பழுதைக் கண்டுபிடிக்க ஆகும் அதிகபட்ச நேரம் என்ன?

2. ஒரு சேவையகம் சாதாரண நாளில் 0.2 முதல் 0.6 விநாடிக்குள் பதில் தருகிறது. சம்பள நாளில் மிக நீண்ட பதில் நேரம் 2.8 விநாடி. காத்திருப்பு வரம்பாக 0.5, 1, 4, 60 விநாடி ஆகியவற்றுள் எதைத் தேர்வீர்கள்? ஏன்?

3. ஐந்து சேவையகங்கள் உள்ள கொத்து, இணைப்பு அறுந்து மூன்றாகவும் இரண்டாகவும் பிரிகிறது. எந்தப் பக்கம் தொடர்ந்து இயங்கலாம்? நான்கு சேவையகங்கள் இரண்டு இரண்டாகப் பிரிந்தால்?

விடைகள்: (1) 68 விநாடி. (2) 4 விநாடி. 0.5, 1 ஆகியவை சம்பள நாளில் பொய் எச்சரிக்கை தரும். 60 விநாடி என்றால் உண்மையான பழுதைக் காண மிகவும் தாமதமாகும். (3) மூன்று உள்ள பக்கம். நான்கு இரண்டிரண்டாகப் பிரிந்தால் எந்தப் பக்கத்துக்கும் பெரும்பான்மை இல்லை, இரண்டும் நிற்கும். அதனால்தான் கொத்தில் வாக்குகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பது நல்லது.